அக்கரையிலிருந்து ஒரு ‘வர்றேன்’

அந்த வீட்டில் யாரும் எங்கும் போவதில்லை. எல்லோரும் வந்துகொண்டே இருப்பார்கள். கடைக்குக் கிளம்பினாலும் ‘வர்றேன்’தான், வேலைக்குக் கிளம்பினாலும் ‘வர்றேன்’தான். எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம்தான் இது. ஆனால் மற்ற வீடுகளில் வழக்கமாக இருந்தது இந்த வீட்டில் சட்டமாக இருந்தது. மின்சாரம் நின்றுவிட்டால் அம்மா "கரண்ட் வரணும்" என்பாள். பால் திரிந்தாலும் பல் விழுந்தாலும் ‘போச்சு’ என்ற சொல் அவள் வாயில் வராது. தம்பி ஒன்றாம் வகுப்பில் எழுந்து நின்று, "டீச்சர், பாத்ரூமுக்கு வர்றேன்" என்று கேட்டதும், "நான் அங்க இல்லையேடா கண்ணா" என்று டீச்சர் சொன்னதும் இன்றுவரை குடும்பத்தில் ஓடிக்கொண்டிருக்கும் கதை.

சட்டம் வந்தது அப்பாவால். அவர் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். ஒரு காலையில் சட்டைப் பொத்தான் தைக்காமல் கிடந்ததற்காக ஒரு சின்னச் சண்டை. "நான் போறேன்" என்று சொல்லிக் கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனார். சாயங்காலம் அவருடைய நண்பர்கள்தான் வந்தார்கள். பேருந்தைத் தூக்கி நிறுத்தியிருந்த ஜாக்கி நழுவிவிட்டது என்றார்கள். அம்மா ஜாக்கியை ஒரு நாளும் குற்றம் சொன்னதில்லை. ‘போறேன்’ என்ற அந்தச் சொல்லைத்தான் குற்றம் சொன்னாள்.

அப்போது அக்காவுக்குப் பத்து வயதுக்கு மேல். தம்பி கைக்குழந்தை. நடக்கத் தொடங்கியதிலிருந்து அவன் அவள் பாவாடை நுனியைப் பிடித்துக்கொண்டே திரிந்ததால், வால் என்று பெயர் வந்தது. பிறகு வால் வளர்ந்து தனியாகவே ஓடிவிட்டது. இரண்டு வருடமாக அவனுக்கு வேலை, பாதுகாக்கப்பட்ட மலைக்காட்டில் விலங்குகளை எண்ணுவது. ஆற்றின் அக்கரையில், சரிவின் மேலே, மரத்தூண்கள் மேல் கட்டிய ஒரு குடிலில் தனியாக இருந்தான். ஊருக்கு ஒரு தடவைகூட வரவில்லை. ஒவ்வொரு போன் பேச்சின் முடிவிலும் மட்டும் தவறாமல் "வர்றேன்க்கா" என்பான்.

இந்த ‘வர்றேன்’களைப் பற்றி அக்காவுக்குத் தெரியாதது எதுவும் இல்லை. அவள் பெரிய மருத்துவமனையில் தொலைபேசி இணைப்பு கொடுப்பவள். மாடிப்படிக்கு அடியில், லிஃப்டை ஒட்டினாற்போல, சன்னல் இல்லாத அறை அவளுடையது. லிஃப்ட் இறங்கும்போதெல்லாம் மேசைமேல் டம்ளரில் இருக்கும் தண்ணீர் சின்ன வட்டங்களாக நடுங்கும். அதைப் பார்த்தே, யாரோ வருகிறார்கள் என்று நிமிர்ந்து உட்கார்ந்துகொள்வாள். வராந்தாவில் காத்திருப்பவர்களை ஒலிபெருக்கியில் கூப்பிடுவதும் அவள்தான். ஒரு பெயரை மூன்று தடவை சொல்ல வேண்டும். மூன்றாவதுக்கும் ஆள் வராவிட்டால் அடுத்த பெயர். மற்ற நேரமெல்லாம் காதில் பிறர் பேச்சின் வாலும் தலையும் விழுந்துகொண்டே இருக்கும். "வச்சிடட்டுமா", "அப்புறம்", "சரி, வர்றேன்". கடல் தாண்டி இருக்கும் மகன், படுத்திருக்கும் தகப்பனிடம் "வர்றேன்ப்பா" என்று சொல்லி வைப்பான். வரமாட்டான் என்பது இருவருக்கும் தெரியும். அது வெறும் கதவு சாத்துகிற சத்தம் என்று அவள் கணவரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

இப்போது அம்மாவுக்கு இதயத்தில் வால்வு மாற்ற வேண்டும் என்றார்கள். அக்கா வேலை பார்க்கும் இடத்திலேயே நாள் குறித்தாயிற்று. ஆனால் அம்மா பிடித்த பிடியில் நின்றாள். "அவன் வந்து என் கண்ணு முன்னால நிக்கட்டும். அப்புறம்தான் அந்த மேசையில படுப்பேன்." போனில் கேட்டால் தம்பி மழுப்பினான். ஆள் மாற்ற வேண்டும், மழைக்காலம் முடியட்டும், பார்க்கலாம். பார்க்கலாம் என்றால் பார்க்க முடியாது என்று பொருள். கடைசியில் அக்காவே கிளம்பினாள். வாசலில் நின்ற அம்மாவிடம், "கூட்டிட்டு வர்றேன்மா" என்றாள். இந்த ‘வர்றேன்’ கதவு சாத்துகிற சத்தம் இல்லை. சத்தியம்.

கார் ஓட்டியவர் அவள் கணவர். கண்ணாடி வெட்டிச் சட்டம் போட்டுத் தரும் கடை வைத்திருப்பதால் எல்லோருக்கும் கண்ணாடிக்காரர். மச்சான்மேல் அவருக்குப் பாசம் உண்டு, ஆனால் அதைக் கிண்டலாகத்தான் செலவழிப்பார். "அக்கரையில இருக்கிறவனுக்கு அக்கறையே இல்ல பாரு" என்று அவர் வழியில் சொன்ன சிலேடையை, அடுத்த மலைத் திருப்பத்தில் மறுபடி ஒருமுறை சொன்னார். முதல் தடவை அவள் சிரிக்காததே காரணம்.

மலை ஏற ஏற மேகம் இறங்கி வந்தது. சாலையின் இருபுறமும் மரங்கள் பாசி போர்த்தி, ஈரம் சொட்டச் சொட்ட, யாரோ சொல்லிய எதையோ கேட்டுவிட்டு அப்படியே நின்றுவிட்டவை போல இருந்தன. முதலில் வந்தது ஒரு மான்கூட்டம். காருக்கு முன்னால் சாலையைக் கடந்து மேலே ஏறியது. ஓடவில்லை, மிரளவில்லை. பிறகு காட்டுப்பன்றிகள், குட்டிகளோடு. பிறகு, கண்ணாடிக்காரர் நம்ப முடியாமல் காரை நிறுத்தவே வேண்டியதாயிற்று, இரண்டு நீர்நாய்கள். ஆற்றை விட்டு நகராத அவை, ஈரம் காய்ந்து சிலிர்த்த ரோமத்தோடு, தார்ச்சாலையில் குள்ளக் கால்களால் நொண்டி நொண்டி ஏறிக்கொண்டிருந்தன.

"டிக்கெட்டே எடுக்கல, அதுக்குள்ள எல்லாத்தையும் காட்டிட்டாங்களே" என்றார் அவர்.

அக்கா பின்னால் திரும்பிப் பார்த்தாள். எல்லாமே ஒரே திசையில் போய்க்கொண்டிருந்தன. ஒன்றுகூட இறங்கவில்லை. இன்னொன்றும் அவளுக்குத் தோன்றியது. பறவைச் சத்தம் இல்லை. மருத்துவமனையில் எல்லா இணைப்புகளும் ஒரே நேரத்தில் ஓய்ந்துபோகும் சில நிமிடங்கள் உண்டு. அப்போது அவள் ஏதாவது ஒரு பொத்தானை அழுத்தி, கருவிக்கு உயிர் இருக்கிறதா என்று பார்ப்பாள். அந்த மாதிரி ஓய்வு.

சோதனைச்சாவடியில் இருந்த இளம் அதிகாரி அவர்களைத் திருப்பி அனுப்பத்தான் பார்த்தார். சுவரில் மலையின் படம், அதில் நீல நூல் போல ஆறு, மூலையில் நனைந்த குடைகள். இரண்டு நாளாக மலையில் அடைமழை, ஆனால் ஆறு ஏறுவதற்குப் பதில் காலையிலிருந்து இறங்கிக்கொண்டே வருகிறது, காரணம் தெரியும்வரை யாரும் ஆற்றங்கரைக்குப் போகக் கூடாது என்று மேலிடத்து உத்தரவு. சுற்றுலா வந்தவர்களை எல்லாம் கீழே அனுப்பிக்கொண்டிருக்கிறார்களாம். அக்கா தன் அம்மாவைப் பற்றிச் சொன்னாள். அழவில்லை. மருத்துவமனையில் அறிவிப்பு சொல்லும் அதே சமமான குரலில் சொன்னாள். அழுதிருந்தால்கூட அவர் மறுத்திருப்பார். அந்தக் குரலை மறுக்க முடியவில்லை. கப்பிக் கொட்டகைவரை போகலாம், அங்கிருந்து வயர்லெஸில் தம்பியோடு பேசலாம், பேசியதும் கிளம்பிவிட வேண்டும், கரையை விட்டு ஓர் அடி இறங்கக் கூடாது என்று விரலை ஆட்டிச் சொல்லி அனுப்பினார்.

கப்பிக் கொட்டகை ஆற்றின் விளிம்பில், உயரமான பாறைமேல் இருந்தது. தகரக் கூரை. உள்ளே ஆள் உயரத்துக்கு ஓர் இரும்புச் சக்கரம், அதில் சுற்றிய கம்பிவடம் அக்கரைவரை ஓடியது. வடத்தில் தொங்கும் இரும்புத் தொட்டியில் ஆட்களையும் அரிசி பருப்பையும் ஏற்றி அக்கரைக்கு இழுத்துவிடுவதுதான் கப்பிக்காரரின் வேலை. அன்று தொட்டி பூட்டிக் கிடந்தது. அவர் நடுவயதுக்காரர். கிரீஸ் ஏறிக் கறுத்த கைகள். பேசுவதற்கு ஆள் கிடைத்ததே பெரிது என்பது போல, கேட்காததற்கும் பதில் சொன்னார்.

"வாலுத் தம்பிக்கு அக்காவா? அதானே, மூக்கைப் பாத்தா தெரியுதே" என்றார். பிறகு அக்கரைச் சரிவில், மேகத்துக்குள் பாதி மறைந்த குடிலைக் காட்டினார். அதன் நெற்றியில் ஒரு சூரியவிளக்கு உண்டு, இருட்ட ஆரம்பித்தால் தானே எரியும், பூச்சி வருகிறதென்று தம்பி தன் சிவப்புத் துண்டை எடுத்து அதன்மேல் போர்த்திவிடுவான். "சாயங்காலம் நான் இங்கேருந்து பாப்பேன். சிவப்பா எரிஞ்சா தம்பி வீட்டுல இருக்கு. வெள்ளையா எரிஞ்சா ஊர் சுத்திக்கிட்டு இருக்கு. எனக்கு அதான் அட்டெண்டன்ஸ்."

அக்கா ஆற்றைப் பார்த்தாள். அது ஆறு மாதிரியே இல்லை. ஒரு பெரிய வீட்டில் எல்லா சாமான்களையும் வெளியே எடுத்துவிட்ட பிறகு தெரியும் தரை மாதிரி இருந்தது. வழுக்குப் பாறைகள், குட்டைகள், குட்டைகளில் துடிக்கும் மீன்கள். நடுவில் ஒரு சின்ன ஓடை, குழந்தைகூடத் தாண்டிவிடலாம். அவ்வளவு மீன் துடித்தும் ஒரு கொக்கு இல்லை, காக்கை இல்லை. காற்றில் ஒரு வாசனை வந்தது. மண் வாசனைதான், ஆனால் முதல் மழையின் நல்ல வாசனை இல்லை. வேரோடு பிடுங்கிய செடியை முகத்தருகே பிடித்தது போல, ஆழத்து மண்.

கப்பிக்காரர் வயர்லெஸை எடுத்துக் கொடுத்துப் பாடம் நடத்தினார். பேசும்போது பொத்தானை அழுத்த வேண்டும், பேசி முடித்ததும் ‘ஓவர்’ என்று சொல்லிவிட்டுக் கையை எடுக்க வேண்டும், இருவரும் ஒரே நேரத்தில் பேசினால் ஒன்றும் கேட்காது.

"எங்க வீட்டுல எப்பவுமே ஒருத்தர்தான் பேசுவாங்க" என்றார் கண்ணாடிக்காரர். "அதுவே ஓவர்தான்."

கரகரப்பு. பிறகு தம்பியின் குரல், பக்கத்து அறையிலிருந்து வருவது போல.

"அக்கா! நிஜமாவே வந்துட்டியா? ஓவர்."

சாப்பிட்டாயா, இளைத்துவிட்டாயா என்று தொடங்கி, குளிருக்குப் போர்வை இருக்கிறதா என்பதுவரை கேட்டுவிட்டு, அம்மா விஷயத்துக்கு வந்தாள். அவன் வழக்கம்போல மழுப்பினான். இப்போது ஆறு சரியில்லை, தொட்டி ஓடவில்லை, காலையிலிருந்து விலங்குகள் எல்லாம் குடிலைத் தாண்டி மேலே ஏறுகின்றன, என்னவென்று புரியவில்லை, இதை விட்டுவிட்டு எப்படி வருவது என்றான். அவள் விடவில்லை. பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு, அவன் குறுக்கே பேச வழியில்லாமல், அம்மா வாசலில் நின்ற கோலத்தைச் சொன்னாள். ராத்திரியில் அவள் மூச்சு வாங்குவதைச் சொன்னாள்.

"நீ வராம அம்மா படுக்க மாட்டாடா. படுக்கலைன்னா என்ன ஆகும்னு உனக்கே தெரியும். நான் சொல்றதைச் சொல்லிட்டேன்."

கையை எடுத்தாள். ‘ஓவர்’ சொல்ல மறந்துவிட்டாள். கொஞ்ச நேரம் வெறும் இரைச்சல்.

"சரிக்கா" என்றான் தம்பி. குரல் இறங்கியிருந்தது. "சரி... ஆபீஸ்ல கூப்பிடறாங்க. வர்றேன்."

டக் என்று நின்றது.

அக்கா வயர்லெஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கணவரைப் பார்த்தாள். "வர்றானாம்" என்றாள். முகம் அப்படி மலர்ந்திருந்தது. கண்ணாடிக்காரர் தயங்கினார். கிளம்பும்போது எல்லோரும் சொல்வதுதானே, நீயே எத்தனை தடவை சொல்லியிருக்கிறாய் என்று மெதுவாகத்தான் கேட்டார். அவள் கேட்கிற நிலையில் இல்லை. ஒருநாளும் சொல்லாத ‘சரி’யை அவன் இரண்டு தடவை சொன்னான், அவள் காதால் கேட்டாள். எத்தனையோ பேருடைய ‘வர்றேன்’களை எடைபோட்டுத் தள்ளிய காது, தன் வீட்டு ‘வர்றேன்’ வந்ததும் தராசைக் கீழே வைத்துவிட்டது.

அதற்குள் சாவடியிலிருந்து விசில் ஊதினார்கள். கப்பிக்காரர், ஓய்வு விடுதியில் இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்கள், கிளப்பிவிட்டு வந்துவிடுகிறேன், இங்கேயே இருங்கள் என்று சொல்லி ஓடினார். கண்ணாடிக்காரர், அந்தக் குறுகலான பாதையில் காரைத் திருப்பி நிறுத்தப் போனார். அக்கா தனியாக நின்றாள்.

தொட்டி பூட்டியிருக்கிறது. அப்படியென்றால் அவன் நடந்துதான் வருவான். ஆறுதான் வறண்டு கிடக்கிறதே. வருகிறவனைப் பாதி வழியில் போய்ப் பார்த்துக் கையைப் பிடித்துக்கொண்டால், பிறகு மனது மாற மாட்டான். சின்ன வயதிலேயே அப்படித்தான். அடம்பிடித்து நின்றால் போய்க் கையைப் பிடிக்க வேண்டும், பிடித்துவிட்டால் கூடவே வருவான். வயர்லெஸ் கையிலேயே இருந்தது. பாறையில் வெட்டிய படிகள் கீழே இறங்கின. கடைசிப் படிகளில், எப்போதும் தண்ணீருக்குள் இருக்கும் இடத்தில், பாசி முடி போலத் தொங்கியது. அவள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள்.

ஆற்றுக்குள் இன்னும் அமைதி. பாறை பாறையாகத் தாண்டி, நடுவில் இருந்த அகலமான ஒரு கல்மேல் ஏறி நின்றாள். இரண்டு பக்கமும் கரைகள் எதிர்பார்க்காத உயரத்தில் இருந்தன. கீழே நின்று பார்க்கும்போதுதான் தெரிந்தது, ஆறு எவ்வளவு உயரத்துக்கு ஓடும் என்று. பாறைகளில் தலைக்குமேல், வெகுமேல், தண்ணீர் தேய்த்த கோடு இருந்தது.

கையில் வயர்லெஸ் கரகரத்தது.

"கப்பியண்ணே, ஆத்துக்குள்ள யாரோ நிக்கிறாங்க. பைனாகுலர்ல தெரியுது. உடனே ஏத்துங்க. ஓவர்."

அக்கா சிரித்துவிட்டாள். "நான்தான்டா வாலு. பாதி தூரம் வந்துட்டேன். மீதி பாதி நீ வா."

"அக்கா? நீ எதுக்கு அங்க வந்தே?"

"நீதானே வர்றேன்னு சொன்னே."

"நான் எப்ப சொன்னேன்?"

"இப்பத்தான். சரிக்கா, வர்றேன்னு சொன்னியே."

இந்த முறை இரைச்சல் நீண்டது. பதில் வருவதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"அக்கா, அது வைக்கிறதுக்குச் சொன்னது."

அவன் வேகவேகமாகப் பேசினான். மேலே மலை சரிந்து ஆற்றை அடைத்துக்கொண்டு நிற்கிறது, பின்னால் ஏரி மாதிரி தண்ணீர் தேங்கிவிட்டது, ஆபீஸில் இப்போதுதான் சொன்னார்கள், எந்த நேரமும் உடையலாம். குரல் குதித்துக் குதித்து வந்தது, மூச்சு வாங்கியது. ஓடுகிறவனின் குரல் அது. அவள் தலையைத் தூக்கிப் பார்த்தாள். அக்கரைச் சரிவில், மேகத்தின் கிழிசலில், ஒரு நீலச் சட்டை. பாதை வழியாகக் கீழே, அவளை நோக்கி, இறங்கிக்கொண்டிருந்தது.

பொய்யாகக் கேட்ட சொல், அவள் கண்ணெதிரே உண்மையாகிக்கொண்டிருந்தது.

"நீ ஏன்டா இறங்குறே? மேல ஏறு."

"நீ நிக்கிறியே! நீ முதல்ல ஏறு."

"சரிடா, நான் வர்றேன். நீ நில்லு."

"வராதக்கா! இந்தப் பக்கம் வராதே! அங்கயே இரு, நான் வர்றேன்!"

நீலச் சட்டை இன்னும் வேகமாக இறங்கியது. அவள் சொன்னது தன் கரைக்கு வருகிறேன் என்று. அவன் காதில் விழுந்தது அவன் கரைக்கு வருகிறேன் என்று. இருவரும் ஒரே சொல்லைப் பிடித்துக்கொண்டு, ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் வீட்டில் திரும்பிப் போவதற்குச் சொல்லே இல்லை. இருந்த ஒன்றை, அவன் கைக்குழந்தையாக இருந்தபோதே, அம்மா எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டாள்.

காலருகே ஒரு குட்டை. அசையாமல், மேகத்தைக் காட்டிக்கொண்டு கிடந்த அந்தத் தண்ணீர் நடுங்கியது. சின்ன வட்டம். அதற்குள் இன்னொரு சின்ன வட்டம். லிஃப்ட் இறங்கும்போது டம்ளரில் வருமே, அதே வட்டங்கள். யாரோ வருகிறார்கள்.

அவள் பொத்தானை அழுத்தினாள். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அப்பாவுக்குப் பிறகு ஒருநாளும் சொல்லாத சொல், எச்சில் இல்லாத வாயில், கல் மாதிரி உருண்டது.

"நான் போறேன்டா" என்றாள். "கேட்டுச்சா? நான் போறேன். என் கரைக்குப் போறேன்."

நீலச் சட்டை நின்றது. அவள் முதுகைத் திருப்பி, அகலக் கல்லிலிருந்து அடுத்த பாறைக்குத் தாவினாள், அவன் பார்க்கட்டும் என்று. தாவிய இடத்தில் நின்று மறுபடி அழுத்தினாள்.

"நீயும் சொல்லு. சொன்னாத்தான் நான் மேல போவேன். சொல்லுடா."

இரைச்சல். இரைச்சலுக்குப் பின்னால், வயர்லெஸுக்கு வெளியே, மலையின் வளைவுக்கு அப்பால், நூறு லாரிகள் சரளை கொட்டுவது போல ஒரு சத்தம், மிகத் தூரத்தில்.

"போறேன்க்கா" என்றான் தம்பி.

அவள் ஓடினாள். திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் தான் நிற்போம், தான் நின்றால் அவனும் நிற்பான் என்று தெரியும். செருப்பு எங்கோ விழுந்தது. முழங்கால் கல்லில் இடித்தது. பாசிப் படியில் கால் வழுக்கியபோது மேலிருந்து ஒரு கை வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தது. கண்ணாடிக்காரர். எத்தனையோ வருடம் கண்ணாடித் தகடுகளை நழுவவிடாமல் பிடித்த கை. அவளை மேலே இழுத்தார். இருவரும் கொட்டகைத் தரையில் விழுந்தபோது கப்பிக்காரர் மூச்சிரைக்க ஓடி வந்துகொண்டிருந்தார். அவர் வாய் அசைந்தது, ஆனால் என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. அதற்குள் ஆறு வந்துவிட்டது.

அது தண்ணீராக வரவில்லை. முதலில் மரங்கள் வந்தன, வேரும் கிளையுமாக, நிமிர்ந்து நடப்பவை போல. அவற்றின் பின்னால் கறுப்பாக ஒரு சுவர். அக்கா நின்றிருந்த அகலக் கல் இருந்த இடமே தெரியவில்லை. பாறைகளில் தலைக்குமேல் இருந்த பழைய கோட்டைத் தண்ணீர் சட்டை செய்யவே இல்லை, தாண்டி ஏறியது. அக்கரையில் பாதையின் கீழ்ப்பாதி, தாங்கியிருந்த மண்ணோடு சேர்ந்து, கத்தியால் நறுக்கியது போல இறங்கியது. கம்பிவடம் ஒரு முறை விம்மி, அறுந்து, கொட்டகைக் கூரையைச் சாட்டை போல அடித்தது. கப்பிக்காரர் இருவரையும் பிடித்து மேட்டுக்கு இழுத்துப் போனார்.

சத்தம் அடங்க வெகுநேரம் ஆயிற்று. அடங்கியது என்றுகூடச் சொல்ல முடியாது, காது பழகிவிட்டது. வயர்லெஸ் அவள் கையிலேயே இருந்தது. விரல்களைப் பிரித்து அதை வாங்கக் கண்ணாடிக்காரர் முயன்றார், முடியவில்லை. கப்பிக்காரர், குடில் இருக்கும் பாறை கெட்டியான பாறை, அங்கே தண்ணீர் ஏறாது என்று மறுபடி மறுபடி சொன்னார். பாதையைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. எவ்வளவு கீழே வந்திருந்தான் என்று அவர் கேட்டபோது அக்காவால் சொல்ல முடியவில்லை. நீலச் சட்டை நின்றதைப் பார்த்தாள். திரும்பியதைப் பார்க்கவில்லை.

"போறேன்னு சொன்னான்" என்றாள். "மேல போறேன்னு. நான்தான் சொல்லச் சொன்னேன்."

"சொன்னான்ல? அப்ப போயிருப்பான்" என்றார் கண்ணாடிக்காரர். பிறகு தான் சொன்ன வாக்கியத்தைத் தானே கேட்டவர் போல வாயை மூடிக்கொண்டார். யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

அக்கா ஒன்றை நினைத்துக்கொண்டாள். இந்த இரண்டு வருடத்தில், எந்தப் பேச்சையும் அவன் ‘வர்றேன்’ என்று சொல்லாமல் முடித்ததே இல்லை. இன்றைக்குத்தான்.

வெளிச்சம் குறைந்தது. மேகம் கொஞ்சம் விலகி, அக்கரைச் சரிவு கருநீலமாகத் தெரிந்தது. எதிரில் இருப்பது எது மரம், எது பாறை என்று பிரித்துச் சொல்ல முடியாத நேரத்தில், சரிவின் மேலே ஒரு விளக்கு எரிந்தது.

"எரியுது பாரு" என்றார் கண்ணாடிக்காரர், அவள் தோளை அழுத்தி. "எரியுது."

கப்பிக்காரரும் அக்காவும் ஒன்றையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். விளக்கு தானாகத்தான் எரியும். துண்டுதான் தானாகப் போர்த்திக்கொள்ளாது.

அவள் பொத்தானை அழுத்தினாள். மாடிப்படிக்கு அடியில், சன்னல் இல்லாத அறையில் பேசுகிற அதே குரலில், ஏறாமல் இறங்காமல், தம்பியைக் கூப்பிட்டாள். வாலு. ஒரு தடவை. விரலை எடுத்து இரைச்சலைக் கேட்டாள். வாலு. இரண்டாவது தடவை. மூன்றாவதுக்குப் பிறகு அடுத்த பெயருக்குப் போக வேண்டும் என்பது அந்த வேலையின் விதி. அவளிடம் அடுத்த பெயர் இல்லை. நான்காவது தடவை கூப்பிட்டாள்.

அக்கரையில் விளக்கு வெள்ளையாக எரிந்துகொண்டிருந்தது.